பங்குதாரர்களே, வருக!

குன்னூரில் எனக்குக் கிடைத்த முதல் தேநீர் ஒரு காகிதப் பைக்குள் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. மேஜைமேல் ஒரு கோப்பை வெந்நீர், அதற்குள் நூல் கட்டிய பொட்டலம். நூலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். தண்ணீர் லேசாகக் கலங்கியதே தவிர தேநீர் ஆகவில்லை. ஹட்டன் தோட்டத்தில், தொழிற்சாலைப் புகையை முகர்ந்தே வளர்ந்தவள் நான். காலங்காத்தாலேயே கோபம் வந்துவிட்டது. ஊர் திரும்பும்வரை அது இறங்கவும் இல்லை. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன், மேகமும் மலையும் வர்ணிக்கும் கட்டுரையை எதிர்பார்க்கிறவர்கள் இத்துடன் எழுந்து போய்விடலாம். மலை அழகாகத்தான் இருந்தது.

இலங்கையில் நான் மொழிபெயர்ப்பாளர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவே நின்று, ஒருவர் பேசுவதை இன்னொருவருக்குச் சொல்லிப் பிழைக்கிறேன். குன்னூர் ஓட்டல் ஒன்றில் கருத்தரங்கு. தேயிலைத் தொழிலை அரசும் கம்பெனிகளும் சேர்ந்து எப்படி வழிநடத்துவது என்பது பேச்சு. எங்கள் நாட்டு அனுபவத்தைச் சொல்ல ஒரு சிங்கள அதிகாரியை அழைத்திருந்தார்கள். அவருக்கு வாயாக நான். தங்கமான மனிதர். மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தவர், ஊட்டி வர்க்கியைக் கண்டதும் தெளிந்துவிட்டார். ஒரு பொட்டலம் முழுவதையும் தானே தின்று தீர்த்து, சட்டையெல்லாம் வர்க்கித் தூளோடு மேடை ஏறினார்.

மேடையில் பெரிய எழுத்தில் 'கைகோத்து முன்னேறுவோம்' என்று இருந்தது. காலையில் ஒரு பக்கம் அரசு அதிகாரிகள், மறுபக்கம் கம்பெனிக்காரர்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிகள் கலந்துவிட்டன. அதன்பின் யார் அரசு, யார் கம்பெனி என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைத்தார். எல்லோரும் ஒரே குரலில் 'தொழில்' என்றார்கள். தொழிலாளி என்ற சொல்லை அன்று மாலைவரை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நின்றுகொள்ள முடியாது. அதனால், "நிலம் அரசிடம், நிர்வாகம் கம்பெனிகளிடம். இந்த ஏற்பாட்டில் நாங்கள் வெற்றி கண்டிருக்கிறோம்" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை என் வாயாலேயே தமிழில் சொன்னேன். கை தட்டினார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வெற்றியின் கீழேதான் என் தம்பி குடும்பம் இன்றும் இருக்கிறது. லயம் என்கிற வரிசை வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று தோட்ட மேனேஜர் துரையிடம் போனால், நிலமும் கட்டடமும் அரசினுடையவை, அங்கே போய்க் கேள் என்பார். அரசு அலுவலகத்துக்குப் போனால், தோட்டத்தை நடத்துவது கம்பெனி, அங்கே போய்க் கேள் என்பார்கள். நடந்து நடந்து தம்பியின் செருப்புத்தான் தேய்ந்தது. அவர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு நிற்கும்போது, மூன்றாவது ஆள் யாருடைய கையைப் பிடித்து இழுப்பது?

தேநீர் இடைவேளையில் பைத் தேநீருக்குப் பயந்து வெளியே ஓடினேன். ஓட்டலுக்கு எதிரே ஒரு டீக்கடை. பக்கத்து ஊரான கட்டபெட்டுக்காரர் ஒருவர் கண்ணாடி டம்ளரோடு நின்றிருந்தார். போஜன் என்று பெயர். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. பறித்த இலையைத் தொழிற்சாலைக்கு விற்றுப் பிழைக்கிறவர். விவசாயிகள் சார்பில் கருத்தரங்குக்கு அவரைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். மைக் அவர்வரை வரவில்லை.

"சர்க்காரு கம்பெனியோட பேசவே கூடாதுன்னு நான் சொல்லலீங்க" என்றார். "பேசித்தானுங்க ஆகணும். பேசாம விட்டா எங்க இலைக்கு அவிங்க வெச்சதுதான் வெல. நாங்க எங்க போயி முட்டிக்கறது? ஆனா பேசறத எங்க முன்னாடி பேசட்டுமுங்க. எங்களை வெளிய நிக்க வெச்சுக் கதவச் சாத்திக்கிட்டுப் பேசுனா, உள்ள என்ன நடக்குதுன்னு நாங்க என்னத்தக் கண்டோம்?"

அவர் சொன்னதைக் கருத்தரங்கில் யாராவது சொல்லியிருந்தால் நான் மனம் நிறைந்து மொழிபெயர்த்திருப்பேன். இந்தத் தொழிலுக்கு அரசின் கை தேவையில்லை என்று சொல்லுகிறவள் இல்லை நான். சந்தை சரிந்தால் தாங்கவும், கம்பெனி கணக்கு மீறினால் அதட்டவும் ஒருவர் வேண்டும். ஆனால் கபடியில் நடுவரே ஒரு அணியோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தால் எதிரணிக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்? இதை நான் அந்த டீக்கடையிலேயே உரக்கச் சொன்னேன். போஜன் சிரித்து, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். டீ அருமையாக இருந்தது.

கருத்தரங்கின் கடைசி நாள் ஒரு தோட்டத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போவதாகத் திட்டம். பந்தலூருக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் துள்ளி எழுந்தேன். என் தங்கை செல்வி அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். செல்வி என் சித்தி மகள். இலங்கையில் பிறந்த தோட்டத்து மக்களில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பிவைத்த காலத்தில் சித்தியும் கப்பல் ஏறினார். அப்போது செல்வி கைக்குழந்தை. இதையும் இரண்டு அரசாங்கங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசித்தான் முடிவு செய்தன.

போன் போட்டேன். "அக்கா, நீங்க ஒரு நா முன்னாடியே வந்துருங்க" என்று கத்தினாள். "எங்களையெல்லாம் பங்குதாரர் ஆக்கப் போறாங்களாம். கவர்மெண்டும் கம்பெனியும் சேந்து. பெரிய பேனரு கட்டிட்டாங்கக்கா!"

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அன்று காலை முழுவதும் அந்த ஓட்டல் மண்டபத்தில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. ஒரு காரியத்தில் சம்பந்தப்பட்டவர், அதனால் நல்லதோ கெட்டதோ வந்து சேரும் ஆள் என்று அதற்குப் பொருள். யாரோ ஒரு மகானுபாவர் அதைத் தமிழில் 'பங்குதாரர்' என்று எழுதித் தள்ளியிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அதிகாரியை வர்க்கியோடு விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கூடலூர் இறக்கத்தில் குடல் வாய்க்கு வந்தது. கூடலூர் தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேச்சு மலையாளம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்னைக் கேட்காமலே என் மடியில் பழம்பொரி ஒன்றை வைத்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் பஸ் நின்றுவிட்டது. சாலை நடுவில் யானை.

எங்களுக்குப் பின்னால் ஒரு அரசு ஜீப், அதற்குப் பின்னால் கம்பெனியின் பளபளப்பான கார் ஒன்று. ஹாரன் அடிக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. பழம்பொரி அம்மாள் ஜன்னலால் எட்டிப் பார்த்து மலையாளத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "யானைகிட்டயும் ஒரு கூட்டம் போட்டுப் பேசிப் பாக்கச் சொல்றாங்க." யானை தன் பாட்டுக்கு ஒரு மூங்கிலை முறித்துத் தின்று, அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

செல்வியின் வீடு தோட்டத்தின் கீழ்ப் பகுதியில், கீழ் டிவிஷனில் இருக்கிறது. நாங்கள் லயம் என்பதை இங்கே லைன் வீடு என்கிறார்கள். பெயரில்தான் வித்தியாசம். அதே நீளக் கட்டடம், அதே ஒற்றை அறை, அதே ஒழுகல். கூரைத் தகரத்தின் ஓட்டைக்குக் கீழே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருந்தாள். பல வருஷமாகக் கேட்டும் மாற்றித் தரவில்லையாம். கழிவறைக்கு இறக்கத்தில் நடந்து போக வேண்டும். மழைநாளில் அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நிஜமாகவே துணிச்சல் வேண்டும்.

சித்தி சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி சுட்டு, காரமாகச் சம்பல் அரைத்து வைத்தாள். "தேத்தண்ணி குடிங்கக்கா" என்றாள். தேநீருக்கு எங்கள் ஊரில் சொல்லும் அந்தச் சொல்லை இந்த மலையில் கேட்டதும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். அவள் கணவர் முருகையா தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டில்மேல் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். "பங்குதாரர்னா சும்மாவா? நல்லதா உடுத்திட்டுப் போக வேணாம்?" என்றாள். பங்கு வந்தால் வீட்டைத் தங்கள் பேருக்கு எழுதித் தரக் கேட்கலாம் என்பது லைன் முழுக்கப் பேச்சு. வேலையை விட்ட அன்றே வீட்டையும் விட வேண்டும் என்பதுதான் இங்கேயும் நிலைமை. செல்விக்கு முட்டி தேய்ந்து போய்விட்டது. எத்தனை நாள் இன்னும் மலை ஏறிப் பறிக்க முடியும் என்று தெரியாது. அவளுக்கு அந்த ஒற்றை அறைதான் எல்லாம்.

ரொட்டியை விழுங்க முடியாமல் சொன்னேன். "செல்வி, அது நீ நெனைக்கிற பங்கு இல்லடி. இங்கிலீஷ்ல ஒரு சொல்லு. அதைத் தப்பா எழுதிட்டாங்க. சம்பந்தப்பட்டவங்கன்னுதான் அதுக்கு அர்த்தம்."

அடுப்பையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ரொட்டி ஒன்று கருகியது. அதைத் திருப்பிப் போடவில்லை.

"அப்ப எதுக்கு அப்பிடி எழுதுனாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாமத்தான்."

"தெரியாம எழுதுனாங்களோ, தெரிஞ்சு எழுதுனாங்களோ... எழுதிட்டாங்கல்ல?" என்றாள். பட்டுச் சேலையை எடுத்து உள்ளே வைப்பாள் என்று நினைத்தேன். இஸ்திரிப் பெட்டியை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

மறுநாள் காலை வேலைக்கு முன் பெயர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் கொட்டகையில் கூட்டம். வாசலில் அகலமான பிளெக்ஸ் பேனர். பச்சைப் பின்னணியில் கூடை சுமந்த ஒரு பெண், சினிமா நடிகை மாதிரி சிரித்துக்கொண்டு. அவள் தலைக்கு மேலே, 'பங்குதாரர்களே, வருக!' செல்வி சேலை மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். லைன் பெண்கள் நிறையப் பேர் பட்டில்தான் வந்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது. மேடையில் அரசு அதிகாரி ஒருவர், பக்கத்தில் கம்பெனியின் பெரிய மேலாளர். வடக்கே இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. தொழிலாளர்கள் பேசுவதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கருத்தரங்குக்காரர்களோடு வந்து சேர்ந்த எங்கள் அதிகாரி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

மேஜைமேல் அட்டையில் செய்த ஒரு மாதிரி இருந்தது. 'பாரம்பரியத் தேயிலைக் கிராமம்' என்று பெயர். கீழ் டிவிஷன் லைன் வீடுகள் அப்படியே சின்னதாக, வரிசையாக, ஆனால் புதுக் கூரையோடு. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளேயே குளியலறை, கண்ணாடி ஜன்னல், சுடுதண்ணீர். சுற்றுலாப் பயணிகள் இங்கே தங்கி 'லைன் வாழ்க்கை'யை அனுபவிப்பார்களாம். அரசு நிலம் தருகிறது, கம்பெனி நடத்துகிறது. இப்போது அங்கே குடியிருப்பவர்களை வேறிடத்தில் குடியமர்த்துவதைக் கூட்டுக் குழு ஒன்று பார்த்துக்கொள்ளும். எந்த இடம் என்று சொல்லவில்லை. கூட்டுக் குழுவில் யார் யார் என்றும் சொல்லவில்லை.

சொட்டுச் சொட்டாக ஒழுகும் கூரைக்கு ஒரு தகரம் மாற்ற வருஷக்கணக்கில் முடியாதவர்கள், ஊர் சுற்ற வருகிறவனுக்கு அதே அறையில் சுடுதண்ணீர் வைக்கிறார்கள்! இந்த மக்கள் பட்ட பாட்டை வாடகைக்கு விடுகிறார்கள்! மொழிபெயர்ப்பாளர் என்பதை மறந்து எழுந்து கத்திவிடுவேனோ என்று பயந்து, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கேள்வி உண்டா என்று கேட்டார்கள். செல்வி எழுந்தாள்.

"ஏனுங்க சார், பேனர்ல எழுதியிருக்கறது எங்களத்தானுங்களே?"

"ஆமாம்மா, உங்களைத்தான்" என்றார் அரசு அதிகாரி. சிரித்த முகம்.

"பங்குதாரர்னா பங்கு இருக்கறவங்கதானுங்க. இந்த அட்டையில எங்க பங்கு எதுன்னு தொட்டுக் காட்டிருங்க சார். எந்த வீடு எங்களோடது? காட்டிட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குக் கொழுந்தெடுக்கப் போயிடறோம்."

மேலாளர் என் பக்கம் திரும்பி, அந்த அம்மா என்ன கேட்கிறார் என்றார். அதற்குள் அரசு அதிகாரி என் காதருகே குனிந்து, "மேடம், ஸ்டேக்ஹோல்டர்னே சொல்லிருங்க" என்றார்.

"அந்தம்மா சொன்ன சொல் பங்குதாரர். நீங்க எழுதுனதும் அதுதான்" என்றேன். பிறகு விதிப்படி, என் தங்கையின் 'நாங்கள்' எதுவோ அதையே என் 'நாங்கள்' ஆக்கி, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன்: நாங்கள் இந்தத் திட்டத்தில் ஷேர்ஹோல்டர்கள். எங்கள் பங்கு எது என்று காட்டுங்கள். இதில் எந்த வீடு எங்களுடையது?

மேலாளரின் முகம் வெளுத்துவிட்டது. இவர்களுக்குப் பங்கு தருவதாக யார் வாக்குக் கொடுத்தது என்று அரசு அதிகாரியிடம் பாய்ந்தார். பேனரை அச்சடித்தது கம்பெனி ஆட்கள் என்றார் அதிகாரி. வாசகம் அரசு அலுவலகத்திலிருந்து வந்தது என்றார் கம்பெனியின் உள்ளூர் ஆள். அங்கே கேளுங்கள், இங்கே கேளுங்கள் என்று மேடையிலேயே மாறி மாறிக் கையைக் காட்டினார்கள். என் தம்பியை வருஷக்கணக்கில் அலையவிட்ட அதே ஆட்டத்தை இப்போது அவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். கைகோத்தவர்கள் கையை உதறிக்கொண்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு குளிர்ந்தது.

கூட்டம் தேதி சொல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அட்டைக் கிராமத்தைக் காரில் ஏற்றினார்கள். பேனரை அவிழ்த்துச் சுருட்டி என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற ஆளிடம் முருகையா போனார். இரண்டு நாளில் அவர் பேசி நான் கேட்டது இது ஒன்றுதான்: "ஏனுங்க, அத வீசறதுன்னா எங்கிட்டக் குடுத்துருங்க. கூரைக்கு ஆகும்."

பந்தலூரிலிருந்து திரும்பும்போது கார் ஜன்னலால் பார்த்தேன். மழை தொடங்கியிருந்தது. கீழே லைன் கூரைமேல் பச்சையாக விரிந்து கிடந்தது பேனர். நான்கு மூலையிலும் கல். எழுத்துகள் வானத்தைப் பார்த்து வருக, வருக என்றன. எங்கள் அதிகாரிக்கும் அது தெரிந்தது. விஷயத்தை முழுவதும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சிங்களத்தில், "நம் ஊர்க் கூட்டங்களில் அவர்களை என்னவென்று எழுதுகிறோம்?" என்று கேட்டார்.

"நம் ஊரில் அவர்களைக் கூப்பிடுவதே இல்லையே ஐயா" என்றேன். அதற்குப் பிறகு குன்னூர்வரை அவர் வர்க்கிப் பொட்டலத்தைத் தொடவில்லை.

ஹட்டன் திரும்பிச் சில வாரம் ஆகியிருக்கும். செல்வி போன் செய்தாள். மறுபடி கூட்டம் வைத்திருக்கிறார்களாம், அதே அட்டைக் கிராமத்தோடு. புதுப் பேனராம், அதே நடிகை முகமாம்.

"சொல்லை மட்டும் மாத்திட்டாங்கக்கா. இந்தத் தடவ நாங்க பங்குதாரர் இல்லையாம், பயனாளியாம்" என்றாள். அவள் பின்னால் மழை பிளெக்ஸ்மேல் படபடவென்று அடிப்பது எனக்குக் கேட்டது. "நீங்க மூணு பாஷை படிச்சவங்க, சொல்லுங்க. வீட்டப் பறிகுடுக்கறவ பயனாளின்னா, அத எடுத்துக்கறவனுக்கு என்னக்கா பேரு?"